தேளுக்கு விஷமுறிவு ஊசி: எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது? வாசகர் கேள்விகள்

தேள்கடி பற்றி வந்த கேள்விகளில் பலவும் ஒரே சந்தேகத்தின் வெவ்வேறு உருவங்கள்தான். அதைத் தீர்க்கும் கேள்வியை முதலில் வைத்திருக்கிறோம். மற்றவற்றை அதன் வெளிச்சத்தில் படியுங்கள்.

கேள்வி: தேள் கொட்டினால் விஷமுறிவு மருந்து கட்டாயம் ஏற்ற வேண்டும் என்கிறார் ஒரு மருத்துவர். "தேளுக்கு அதெல்லாம் எதற்கு, வலிக்கு மட்டும் பார்த்தால் போதும்" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் இருவரும் ஒரே தேளைப் பற்றிப் பேசவில்லை. உலகில் 2,500-க்கும் மேற்பட்ட தேள் இனங்கள் இருக்கின்றன. ஆளைக் கொல்லுமளவு விஷம் உள்ளவை அவற்றில் ஐம்பதைத் தாண்டாது. மற்றவை கொட்டினால் வலி, எரிச்சல், மரமரப்பு. சில மணி நேரத்திலோ ஒரு நாளிலோ அடங்கிவிடும். அப்படிப்பட்டவருக்கு முறிமருந்து ஏற்றினால் அது முறிப்பதற்கு உடம்பில் ஒன்றும் இருக்காது. ஒவ்வாமை அபாயம் மட்டும்தான் மிச்சம்.

இந்த மருந்தைப் பற்றி நடந்த மூன்று ஆய்வுகளை அருகருகே வைத்தால் கருத்து வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

ஒன்று, துனிசியா. 1999-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. கொட்டு வாங்கி அவசரப் பிரிவுக்கு வந்த, பத்து வயதைத் தாண்டிய 825 பேர். லேசானவர், கடுமையானவர் என்று பிரிக்காமல், சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் ஒரு பாதிக்கு முறிமருந்தும் மறுபாதிக்கு ஒப்பிடுவதற்காக மருந்துச் சத்தே இல்லாத போலி மருந்தும் கொடுத்தார்கள். பலனில் வித்தியாசம் தெரியவில்லை. 'வந்தவருக்கெல்லாம் ஊசி' என்ற வழக்கத்துக்கு அந்த ஆய்வு முற்றுப்புள்ளி வைத்தது.

இரண்டு, அமெரிக்காவின் அரிசோனா, 2009. ஆய்வில் இருந்தவர்கள் 15 குழந்தைகள்தான், ஆனால் எல்லோருக்குமே நரம்பு பாதிப்பு கடுமையாக இருந்தது: கண்மணி நிலையில்லாமல் உருளும், கை கால் உதறும், நாக்குத் துடிக்கும், எச்சிலை விழுங்க முடியாது. முறிமருந்து பெற்ற 8 குழந்தைகளும் நான்கு மணி நேரத்துக்குள் தெளிந்தார்கள். போலி மருந்து பெற்ற 7 பேரில் ஒருவர்தான் தெளிந்தார். ஒரு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில், மருந்து பெற்ற எட்டு பேரிடமும் விஷம் அளவிடும் நிலையிலேயே இல்லை. உதறலை அடக்கத் தேவைப்பட்ட மிடசோலம் என்ற மயக்க மருந்தும் அவர்களுக்கு மிகமிகக் குறைவு. 15 பேரை வைத்து இவ்வளவு தெளிவாக ஒரு மருந்தின் பலன் தெரிவது அபூர்வம்.

மூன்று, மகாராஷ்டிரத்தின் மகாட், 2011. டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கரும் பிரமோதினி பாவஸ்கரும் செந்தேள் கொட்டிய 70 பேரை வைத்துச் செய்தது. பாதிப்பேருக்குப் பிரசோசின் என்ற ரத்தக் கொதிப்பு மாத்திரை மட்டும், பாதிப்பேருக்கு அதோடு செந்தேள் முறிமருந்தும். பத்து மணி நேரம் கழித்து, இரண்டும் பெற்றவர்களில் 35-க்கு 32 பேர் முழுதாகத் தேறியிருந்தார்கள். மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 35-க்கு 8 பேர். தேற எடுத்துக்கொண்ட சராசரி நேரம் இரண்டும் பெற்றவர்களுக்கு 8 மணி நேரம், மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கு 17.7 மணி நேரம். யாருக்கு எது என்று மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு என்பது அதன் குறை. 70 பேரை வைத்து மரணம் குறைந்ததா என்றும் சொல்ல முடியாது. மீட்பு விரைவாகிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். புதுச்சேரி ஜிப்மரில் குழந்தைகளிடம் செய்து 2014-இல் வெளியான ஆய்வும் அதே பக்கம்தான் சாய்ந்தது.

ஆக, உள்ளூர்த் தேளுக்கென்றே செய்த மருந்தை, உடம்பு முழுக்க அறிகுறி வந்தவருக்கு, சீக்கிரமாகக் கொடுத்தால் நன்றாகவே வேலை செய்யும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் பலன் சரசரவென்று இறங்கும்.

கேள்வி: என் பத்து வயது மகனைத் தேள் கொட்டியபோது விஷமுறிவு ஊசி போடவில்லை. ரத்தக் கொதிப்புக்கான மாத்திரை ஒன்றைக் கொடுத்து, படுக்க வைத்துவிட்டார்கள். பிள்ளைக்கு ரத்தக் கொதிப்பே கிடையாதே!

பதில்: கொட்டியது செந்தேள் என்றால் அந்த மாத்திரை பிரசோசினாக இருக்க வேண்டும். சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

செந்தேளின் விஷம் நரம்பு நுனிகளில் உள்ள சோடியம் வாயில்களை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. திறந்த குழாய் மாதிரி நரம்பு ஓயாமல் சுடும். முதலில் வாந்தி, வியர்வை, எச்சில் ஒழுகல், சிறுவர்களுக்கு ஆண்குறி விறைத்து நிற்பது. கொஞ்ச நேரத்தில் காட்சி மாறும். அட்ரினலினும் நாரட்ரினலினும் ரத்தத்தில் கொட்டும். ரத்தக் குழாய்கள் சுருங்கும். உள்ளங்கையும் பாதமும் ஜில்லிட்டுப் போகும். இதயம் இறுகிப்போன குழாய்களை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளிக் களைத்து, கடைசியில் நுரையீரலில் நீர் கோர்க்கும். செந்தேளால் வரும் மரணம் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகிறது.

பிரசோசின், சுருங்கிய அந்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. அதாவது விஷத்தைத் தொடுவதில்லை. விஷம் கிளப்பிவிட்ட புயலை அடக்குகிறது. 1980-களில் பாவஸ்கர் இதைக் கையில் எடுக்கும் முன், மேற்கு இந்தியாவில் நுரையீரலில் நீர் கோர்த்த நிலைக்குப் போனவர்களில் நாலில் ஒருவராவது இறந்துகொண்டிருந்தார். பிறகு அது நூற்றுக்கு நான்குக்கும் கீழே வந்தது. மலிவான ஒரு மாத்திரை செய்த காரியம் இது.

அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 30 மைக்ரோகிராம். 25 கிலோ எடையுள்ள உங்கள் பிள்ளை வயதுச் சிறுவனுக்கு 750 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராம் மாத்திரையில் முக்கால் பங்கு. மூன்று மணி நேரம் கழித்து மறுபடி. அதன்பின் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம், கை கால் சூடாகும் வரை. கண்காணிக்கும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டிய அளவு இது. வீட்டில் தாத்தாவின் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிற விஷயம் அல்ல.

தவறுகள் நடக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். கடைகளில் அதிகம் கிடைப்பது மெதுவாகக் கரையும் வகைப் பிரசோசின். அதை உடைத்தாலோ பொடித்தாலோ அளவு தாறுமாறாகிவிடும். சாதாரண மாத்திரைதான் வேண்டும். முதல் தடவை கொடுத்ததும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம் என்பதால் மூன்று மணி நேரம் படுத்தபடியே இருக்க வேண்டும். அழுகிற குழந்தையைத் தாய் தூக்கித் தோளில் சாய்க்க, அங்கேயே மயங்கிவிடுவது நடக்கிறது. மடியில் கிடத்தித் தட்டிக்கொடுக்கலாம், நிமிர்த்தக் கூடாது. மாத்திரையை விழுங்கியதும் வாந்தி எடுத்தால் அந்த டோஸ் உள்ளே போனதாகக் கணக்கில்லை. செவிலியரிடம் உடனே சொல்லுங்கள். வலியைத் தவிர வேறு அறிகுறியே இல்லாத குழந்தைக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று கொடுப்பதும் தவறு.

முறிமருந்து கையிருப்பில் இருந்து, அறிகுறியும் கடுமையாக இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. மகாட் ஆய்வு சொன்னது அதைத்தான். மருந்து வரட்டும் என்று மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: பாம்புக்கடிக்கு வைத்திருக்கும் விஷமுறிவு மருந்தைத் தேளுக்கும் போடலாமா?

பதில்: கூடாது. இந்தியாவில் பாம்புக்கு வரும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை முறிக்கும். தேள் விஷத்தை அதற்கு அடையாளம் தெரியாது.

கேள்வி: எத்தனை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும்? நேரம் தப்பினால் பயனே இல்லையா?

பதில்: இதற்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. காரணத்தைச் சொல்கிறோம், எண் தானாக விளங்கும்.

தேள் விஷத்தின் முக்கிய நச்சுகள் 60, 70 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சின்னஞ்சிறு புரதங்கள். பாம்பு விஷத்தில் உள்ள பெரிய புரதங்களைப்போல் கொட்டிய இடத்தில் தங்கி மெல்லக் கசிவதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டு, திசுக்களுக்குள்ளும் புகுந்துவிடும். முறிமருந்தின் எதிர்ப்புரதமோ (ஆன்டிபாடி) அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் பெரியது; பெரும்பாலும் ரத்தத்தில்தான் சுற்றும். ரத்தத்தில் உள்ள நச்சை அது பிடித்துக் கட்டியதும், திசுவில் உள்ள நச்சு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், அதையும் பிடிக்கும். நடைமுறையில் அரிசோனாக் குழந்தைகள் தெளிந்த விதம் இதுதான்.

ஆனால் ஏற்கெனவே கொட்டிவிட்ட அட்ரினலினை எந்த முறிமருந்தும் திருப்பி எடுக்காது. களைத்துப்போன இதயத் தசையைச் சரி செய்யாது. நுரையீரலில் கோர்த்த நீரை வற்றவைக்காது. ஆகவே இதயத்தைத் தாக்கும் தேள்களுக்கு, அதாவது செந்தேள், வட ஆப்பிரிக்காவின் ஆண்ட்ராக்டோனஸ், மேற்கு ஆசியாவின் லெய்யூரஸ் போன்றவற்றுக்கு, முதல் ஓரிரு மணி நேரம்தான் தங்கம். ஆறு, எட்டு மணி நேரம் கழித்து நுரை தள்ளிக்கொண்டு வருபவருக்கு ஆக்சிஜன், இதயத்துக்கு வலுவூட்டும் டோபுடமின், தேவைப்பட்டால் செயற்கை சுவாசம். இவைதான் உயிரைப் பிடித்து வைக்கும். முறிமருந்து அப்போது ஓரத்தில் நிற்கும் துணை. துனிசிய ஆய்வில், அறிகுறி இருந்தவர்களிடம்கூட வித்தியாசம் தெரியாமல் போனதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

நரம்பையும் தசையையும் மட்டும் ஆட்டிவைக்கும் அமெரிக்க மரப்பட்டைத் தேள் வகைகளின் (அரிசோனாக் குழந்தைகளைக் கொட்டியது இந்த வகைதான்) கதை வேறு. மருந்து இல்லாவிட்டால் அந்த உதறல் ஒரு நாளைத் தாண்டியும் நீளும். அங்கே சில மணி நேரம் தாமதமாகக் கொடுத்தாலும் பலன் கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: குழந்தைக்குப் பாதி அளவு கொடுத்தால் போதாதா? மருந்தை எப்படிக் கலக்கிறார்கள்? (செவிலியர் பயிற்சி மாணவி)

பதில்: போதாது. முறிமருந்தில் அடிக்கடி நடக்கும் பிழை இது. மற்ற மருந்துகளை உடல் எடைக்குத் தருகிறோம். இதைத் தருவது உள்ளே போன விஷத்துக்கு. தேள், குழந்தை என்று பார்த்துக் குறைவாகச் செலுத்துவதில்லை. அதே அளவு விஷம் சிறிய உடம்பில் அடர்த்தியாக நிற்கும் என்பதால் குழந்தைக்குத்தான் அபாயம் அதிகம். எனவே பெரியவருக்கு எத்தனை குப்பியோ குழந்தைக்கும் அத்தனை. குறைக்க வேண்டியது கலக்கும் உப்புநீரின் அளவை மட்டும், அதுவும் கைக்குழந்தைக்கு நீர் அதிகமாகிவிடாமல் இருக்க.

கலக்கும் முறைக்கு 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அனாஸ்கார்ப் என்ற தேள் முறிமருந்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மூன்று குப்பிகளில் தொடங்கும். ஒவ்வொன்றிலும் உறைநிலையில் உலர்த்திய வெள்ளைப் பொடி. குப்பிக்கு 5 மில்லி உப்புநீரை ஊசியால் செலுத்தி, குப்பியை உள்ளங்கையில் வைத்து மெல்லச் சுழற்ற வேண்டும். குலுக்கவே கூடாது. குலுக்கினால் மோர் கடைந்ததுபோல் நுரை கட்டும். புரதம் நுரையில் சிதைந்து வீணாகும், மிச்சத்தை ஊசியில் உறிஞ்சவும் முடியாது. பொடி கரைந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவும். கலங்கலோ துகளோ மிதந்தால் அந்தக் குப்பி வேண்டாம். மூன்றையும் சேர்த்து, மொத்தம் 50 மில்லி வரும்படி உப்புநீரில் விரித்து, பத்து நிமிடத்தில் சிரை வழியே ஏற்ற வேண்டும். பிறகு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அறிகுறி அடங்காவிட்டால் 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு குப்பியாகக் கூட்டலாம்.

இந்தக் கணக்கை வேறு கம்பெனி மருந்துக்குத் தூக்கிப் போடக் கூடாது. ஒரு குப்பி எவ்வளவு விஷத்தை முறிக்கும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பெட்டிக்குள் இருக்கும் தாள்தான் கடைசி வார்த்தை. பிரேசிலில் நெடுங்காலமாக இருந்துவரும் முறையில், லேசான நிலைக்கு ஒன்றுமில்லை, நடுத்தரத்துக்கு 2 அல்லது 3 குப்பி, கடுமைக்கு 4 முதல் 6. தீவிரத்தைப் பார்த்து அளவை ஏற்றும் அந்த வழி எங்கும் பொருந்தும். குப்பி எண்ணிக்கை பொருந்தாது.

சேமிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பொடி வகை அறை வெப்பத்தைத் தாங்கும், திரவ வகைக்கு 2 முதல் 8 டிகிரி. திரவக் குப்பியை ஃபிரீசரில் வைத்து உறையவிட்டால் அது மருந்து அல்ல.

கேள்வி: குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்தாமே? அலர்ஜி வராதா? முதலில் தோலில் சோதனை ஊசி போட்டுப் பார்க்கலாமா?

பதில்: பெரும்பாலும் குதிரைதான். சிறுகச் சிறுக விஷம் செலுத்தி, குதிரையின் உடம்பில் உருவாகும் எதிர்ப்புரதத்தைப் பிரித்தெடுப்பது. எகிப்தில் சார்லஸ் டாட் 1909-லேயே தேளுக்கு இப்படி ஒரு சீரம் செய்தார். அடிப்படை அன்றிலிருந்து மாறவில்லை, சுத்தம்தான் மாறியிருக்கிறது. அரிசோனாவில் முன்பு ஆட்டிலிருந்து எடுத்த முழுப் புரத மருந்தைப் பயன்படுத்தினார்கள். வேலை செய்தது; ஆனால் பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஓரிரு வாரத்தில் சீரம் நோய் (அயல் புரதத்துக்கு உடம்பு தாமதமாகக் காட்டும் ஒவ்வாமை) வந்தது. இப்போது Y வடிவ எதிர்ப்புரதத்தின் அடித்தண்டை நொதியால் வெட்டிக் களைந்துவிட்டு, விஷத்தைப் பிடிக்கும் கவட்டைப் பகுதியை மட்டும் கொடுக்கிறார்கள். ஒவ்வாமை வெகுவாகக் குறைந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், தேள்கடியில் அட்ரினலின் ஏற்கெனவே ரத்தத்தில் கரைபுரள்வதால், உடனடி ஒவ்வாமை பாம்புக்கடியில் வருமளவு வருவதில்லை என்று பல மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். அதை நம்பி அசட்டையாக இருக்க முடியாது. மருந்து ஏற்றத் தொடங்கும் முன்பே அட்ரினலின் ஊசி படுக்கை அருகில் தயாராக இருக்க வேண்டும். தடிப்பு, மூச்சிழுப்பு, குரல் கம்முதல், ரத்த அழுத்தம் இறங்குதல் இவற்றில் ஒன்று தலைகாட்டினால் ஏற்றுவதை நிறுத்தி, அட்ரினலின் போட வேண்டும்: பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில்.

தோல் சோதனையை விட்டுவிடுங்கள். அதில் ஒன்றும் வராதவருக்கு ஒவ்வாமை வந்திருக்கிறது, தடித்தவருக்கு வராமலும் போயிருக்கிறது. கையில் இருக்கும் பொன்னான அரை மணி நேரம்தான் அதில் கரையும்.

வீடு திரும்பி 5 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல், மூட்டு வலி, அரிப்புடன் தடிப்பு வந்தால் அது தேள் விஷம் திரும்ப ஏறியதல்ல, சீரம் நோய். முறிமருந்து பெற்ற விவரத்தை மருத்துவரிடம் சொன்னால் எளிதாகக் குணமாகும்.

கேள்வி: கொட்டிய தேளை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டுமா?

பதில்: தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். இரண்டாம் கொட்டு வாங்குவது அப்படித்தான். எதிரிலேயே இருந்தால் தள்ளி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

படத்தில் பார்க்க வேண்டியது இரண்டு. முன்னால் இருக்கும் இடுக்கிகள் ஒல்லியாகவும் வால் தடித்தும் இருந்தால் ஜாக்கிரதை. இடுக்கிகள் நண்டுக்கால்போல் பருத்து வால் மெலிந்திருந்தால் பெரும்பாலும் வலியோடு போகும். அதற்குப் பிடித்து நசுக்க இடுக்கி இருக்கிறது, விஷத்தை நம்பிப் பிழைக்கத் தேவையில்லை. கன்னங்கரேலென்று உள்ளங்கை நீளத்துக்கு இருக்கும் கருந்தேளைக் கண்டு அலறுகிறோம். விரல் நீளமே உள்ள செந்தேள்தான் ஆளைத் தூக்குவது. இந்த இடுக்கிக் கணக்கு உத்தேசமானது, சட்டம் அல்ல. சிகிச்சையை முடிவு செய்வது தேளின் முகம் அல்ல, நோயாளியின் உடம்பு.

கேள்வி: கொட்டிய இடத்தில் வீக்கமே இல்லை. விஷம் இறங்கவில்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இருக்க முடியாது. கொடிய தேள்கள் பலவற்றின் கொட்டில் வீக்கமும் சிவப்பும் அவ்வளவாக இருக்காது, வலி மட்டும் உயிரை எடுக்கும். விரலால் லேசாகத் தட்டினால் துள்ள வைக்கும்.

கேள்வி: கொட்டியதும் வீட்டில் என்ன செய்யலாம்? வலி தாங்க முடியவில்லை என்றால் முறிமருந்து வலியைப் போக்குமா?

பதில்: மணி என்ன என்று முதலில் பாருங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான், எல்லோரும் 'ஒரு மணி நேரம் இருக்கும்' என்று மழுப்பும் இடமும் அதுதான். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றுங்கள். சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். துணியில் சுற்றிய ஐஸை பத்து நிமிடம் வைத்து, பத்து நிமிடம் எடுத்துவிட்டு, மாற்றி மாற்றி வையுங்கள். தோலில் நேராக வைக்காதீர்கள். பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கொடுக்கலாம். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, சுடுவது எதுவும் வேண்டாம். நச்சு அதற்குள் ரத்தத்தில் ஏறியிருக்கும், புண்தான் மிஞ்சும்.

குழந்தை என்றால் அறிகுறிக்குக் காத்திராமல் கிளம்புங்கள். பெரியவருக்கு வாந்தி, குபுகுபுவென வியர்வை, கை கால் ஜில்லிடுதல், எச்சில் ஒழுகல், படபடப்பு, மூச்சு வாங்குதல், இருமலில் நுரை, கண் உருளல், உதறல், மேல்வயிற்று வலி இவற்றில் எது வந்தாலும் அதே அவசரம். வாந்தி எடுப்பவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள்.

வலிக்கு முறிமருந்தை எதிர்பார்க்காதீர்கள். அந்த இடத்து வலியில் அது பெரிதாக எதுவும் செய்யாது, வலி மட்டுமே இருப்பவருக்கு அதை ஏற்றவும் கூடாது. விரலில் கொட்டியிருந்தால் விரலடியில் லிக்னோகைன் மரப்பு ஊசி போட்டால் ஐந்து பத்து நிமிடத்தில் முகம் மாறுவதைப் பார்க்கலாம். மரப்பு விட்டதும் வலி திரும்பினால் மறுபடி போடலாம். விரலில் போடுவது அட்ரினலின் கலக்காத லிக்னோகைனாக இருக்கட்டும்.

மருத்துவமனையில் வழக்கத்தின் பேரில் கொடுக்கும் ஸ்டீராய்டால் பயனில்லை. துனிசியாவில் அதையும் ஆய்வு செய்து பார்த்துவிட்டார்கள். எச்சில் ஒழுகுகிறதே என்று அட்ரோபின் போடுவது செந்தேள் விஷயத்தில் தப்பு. முதல் கட்டத்து அறிகுறிகள் தாமாகவே அடங்கும். அட்ரோபினோ பின்னால் வரும் படபடப்பையும் ரத்த அழுத்தத்தையும் இன்னும் ஏற்றிவிடும்.

கேள்வி: வேலைக்காக ஈரானின் தென்மேற்குப் பகுதிக்குப் போகிறேன். அங்குள்ள தேள் வேறு மாதிரி என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை. இதுவரை சொன்னதில் பாதியை அங்கே மறந்துவிடுங்கள். குசெஸ்தான் பகுதியின் ஹெமிஸ்கார்பியஸ் லெப்டூரஸ் என்ற தேள் கொட்டினால் பலருக்கு வலியே தெரியாது. ஒன்றுமில்லை என்று தூங்கப் போவார்கள். பிறகு அந்த இடம் கறுத்துத் திசு அழுகும், ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போகும், சிறுநீரகம் பழுதாகும். குழந்தைகள் இறப்பதும் உண்டு. ஈரானின் ராசி நிறுவனம் அந்நாட்டின் ஆறு தேள் இனங்களுக்குச் சேர்த்துச் செய்யும் முறிமருந்தில் இதுவும் அடக்கம். வலியை அளவுகோலாக வைக்காமல், கொட்டியது தெரிந்த உடனே போக வேண்டிய இடம் அது. சிறுநீரின் நிறத்தைச் சில நாட்களுக்குக் கவனியுங்கள்.

கேள்வி: ஊசி போட்டதும் மகள் தெளிந்துவிட்டாள். உடனே வீட்டுக்கு அழைத்துப் போகலாமா?

பதில்: செந்தேள் என்றாலோ, என்ன தேள் என்றே தெரியாவிட்டாலோ, குழந்தைக்கு 24 மணி நேரம் மருத்துவமனைதான். முதலில் சாதாரணமாகத் தெரிந்து, சில மணி நேரம் கழித்து நாடி ஏறுவது உண்டு. ஈசிஜி, முடிந்தால் எக்கோ (இதய ஸ்கேன்), இரண்டும் சரியாக இருந்து, பாதம் சூடாக இருந்து, வாய்வழி சாப்பாடு தங்கினால் கிளம்பலாம். பாதத்தை நீங்களே தொட்டுப் பாருங்கள், உங்கள் புறங்கையால். மானிட்டர் காட்டுவதற்குச் சற்று முன்பே அது சொல்லிவிடும்.

கேள்வி: ஒரு தரம் முறிமருந்து போட்டுக்கொண்டால் அடுத்த முறை தேள் கொட்டினால் விஷம் ஏறாதா?

பதில்: ஏறும். குதிரையின் எதிர்ப்புரதம் சில வாரங்களில் உடம்பிலிருந்து கழிந்துவிடும். மிஞ்சக்கூடியது, குதிரைப் புரதத்தை உங்கள் உடம்பு நினைவில் வைத்திருப்பது. அடுத்த முறை மருந்து ஏற்றும்போது ஒவ்வாமைக்கு வாய்ப்பு சற்றுக் கூடும், ஆகவே முன்பு பெற்ற மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதி வைத்திருந்து மருத்துவரிடம் காட்டுங்கள். அதைக் காரணம் காட்டி, தேவைப்படும்போது மருந்தை மறுக்க வேண்டியதில்லை.

கேள்வி: யூவி டார்ச் அடித்தால் தேள் மின்னும் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம். இருட்டில் நீலப் பச்சையாக ஒளிரும். தோல் ஓட்டில் உள்ள சில வேதிப்பொருட்களின் வேலை. அப்போதுதான் சட்டை உரித்த தேள் மட்டும் ஒளிராது, எனவே டார்ச்சில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகச் செருப்பை உதறாமல் காலை விடாதீர்கள்.